ரக்னாவுக்கு எஞ்சிய ஒரு வார்த்தை

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த ரக்னாவின் கையிலிருந்து கத்தி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். பத்து நாள் கழித்து மருத்துவமனையில் தெளிந்து பார்த்தபோது வலது கை போயிருந்தது, வலது கால் பாதி போயிருந்தது, எழுத்தும் போயிருந்தது. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருந்தது. திங்கட்கிழமை.

ஏன் அந்த வார்த்தை என்று டாக்டருக்கும் தெரியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் திங்கட்கிழமை, கால் வலித்தாலும் திங்கட்கிழமை, ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் திங்கட்கிழமை. தலையாட்டலாவது உருப்படியாக இருந்ததா என்றால் அதுவும் குழம்பிப் போயிருந்தது. ஆமாம் என்று அவள் நினைத்தால் தலை இடவலமாக ஆடும், இல்லை என்று நினைத்தால் மேலும் கீழும் ஆடும், சில நாள் சரியாகவும் ஆடித் தொலைக்கும். காது மட்டும் கத்தியாக இருந்தது. எழுபத்து மூன்று வருட ஞாபகத்தில் ஒரு நூல் பிசகவில்லை. அதுதான் கொடுமை.

வாயில்லாப் பூச்சியாக இருந்த யாருக்காவது இது வந்திருந்தால் ஊர் இவ்வளவு வருத்தப்பட்டிருக்காது. ரக்னா பதினேழு வயதில் தொலைபேசி நிலையத்தில் சேர்ந்தவள். லாங்கலாண்ட் தீவின் தெற்குப் பக்கத்தில் யார் யாரிடம் பேச வேண்டுமென்றாலும் முதலில் ரக்னாவிடம் பேசியாக வேண்டும். கால்நடை மருத்துவர் வீட்டு எண்ணைக் கேட்டால், “மாட்டுக்கா, குதிரைக்கா? அவரு இப்ப பாதிரியார் வீட்ல காபி குடிச்சிட்டிருக்காரு, அங்கயே போட்டுத் தர்றேன், இரு” என்பாள். முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். கடைக்குப் போய் வாயைத் திறந்தால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவள் கட்டிக்கொண்டது வெர்னரை. ருட்கோபிங் ஊருக்கும் தீவின் தென்கோடிக்கும் இடையில் நாற்பது வருடம் பேருந்து ஓட்டிய மனிதன். பேச்சு என்றால் அவனுக்கு ‘ம்’. சம்மதத்துக்கும் ‘ம்’, சந்தேகத்துக்கும் ‘ம்’, பக்கத்து வீடு தீப்பற்றினாலும் ‘ம்’. கல்யாணம் கேட்டதுகூட மூன்று வார்த்தையில் முடிந்தது. ஒரு நாள் அவள் நீட்டிய காசை வாங்காமல் திருப்பிக் கொடுத்தான்.

“ஏன்?” என்றாள்.

“சொந்தக்காரங்களுக்கு டிக்கெட் கிடையாது” என்றான். பிறகு கியரை மாற்றினான்.

பேருந்தில் இருந்த பதினோரு பேரும் கை தட்டினார்கள். ரக்னா இதை ஐம்பது வருடமாகச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அப்போது அது அழகாகத்தான் இருந்தது. பேசாத மனிதன் ஒரு வார்த்தை பேசினால் எவளுக்கும் கொஞ்சம் தலை கிறுகிறுக்கும். அதே மனிதனோடு காலை, மதியம், மாலை என்று உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் தொலைபேசியெல்லாம் தானியங்கி ஆனது. நிலையத்தை மூடினார்கள். ரக்னா வீட்டுக்கு வந்தாள், மூன்று வயது மகள் கித்தெயோடும், நாளெல்லாம் சேர்ந்துபோன பேச்சோடும். வெர்னர் வேலை முடிந்து வந்தால் பேச்சை எடுத்து வைப்பாள். “ம்” என்பான். சாலையோரத்தில் நாரை வந்திருக்கிறது என்பாள். “ம்.” எனக்கு மூச்சு முட்டுகிறது, வெர்னர், என்றாள் ஒரு நாள். அதற்கும் “ம்.” செயின் அறுந்து கொட்டகையில் கிடக்கும் தன் சைக்கிளைச் சரிசெய்து கொடு என்று அந்தக் கோடை முழுக்கக் கேட்டாள். அதற்கும் அதே பதில்.

அக்டோபரில் ஒரு மாலை பெட்டியைக் கட்டினாள்.

“நான் கித்தெயைக் கூட்டிக்கிட்டு மார்ஸ்தாலுக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு தெரியாது. வருவேனான்னும் தெரியாது.”

வெர்னர் மேசையிலிருந்த ரொட்டித் துணுக்குகளைக் கூட்டி ஒதுக்கினான். “ஊருக்கு என்ன சொல்றது?” என்றான்.

இவ்வளவுதான் கேட்கத் தோன்றியது இவனுக்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சீனெக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லு” என்றாள்.

அப்படித்தான் அந்தப் பொய் பிறந்தது. அக்கா சீனெ அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

புத்தாண்டையொட்டிப் பனிப்புயல் அடித்தது. கதவைத் திறக்க முடியாதபடி பனி குவிந்தது. கடல் உறைந்து படகு நின்றது. மார்ஸ்தால் இருக்கிற தீவுக்கும் இந்தத் தீவுக்கும் இடையில் வாரக்கணக்கில் போக்குவரத்து இல்லை. பனிக்கட்டி விலகி முதல் படகு வந்த நாளில், ரக்னா சீனெ வீட்டு மாடி ஜன்னலில் நின்று கித்தெயின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். கீழே தெருவில் வெர்னர் வந்துகொண்டிருந்தான். ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவளுடைய சைக்கிள். புதுச் செயின் பளபளத்தது. விளக்குகூட மாற்றியிருந்தான்.

ரக்னா திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். அவன் சைக்கிளைச் சீனெயின் சுவரில் சாய்த்தான். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, இருக்கை நனையாதபடி மாட்டி, கீழே முடிச்சுப் போட்டான். பிறகு கதவுக்கு முன்னால் நின்றான். கையைத் தூக்கினான், இறக்கினான். மறுபடி தூக்கினான். கால் மணி நேரம் அப்படி நின்றிருப்பான், தொப்பியில் பனி தூவிக்கொண்டிருந்தது. கடைசியில் படகுக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பிப் போனான்.

அந்த ஜன்னலில் நின்று ரக்னா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு நாள் கழித்து அதே சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு, கித்தெயைப் பின்னால் உட்காரவைத்து மிதித்து, வீடு வந்து சேர்ந்தாள். வெர்னர் “ம்” என்று சொல்லிவிட்டு இரண்டு உருளைக்கிழங்கைக் கூடுதலாகப் பானையில் போட்டான்.

நான் பார்த்தேன் என்று அவள் சொல்லவில்லை. முதலில் வீம்பு. ஏன் வந்தாய் என்று அவனே கேட்கட்டும், வாயைத் திறந்து ஒரு முறை கேட்கட்டும் என்று காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. அக்கா அனுப்பிவிட்டாள் போல, இல்லை குழந்தைக்காக வந்திருப்பாள் போல என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். பிறகு அது தன்னிடம் மட்டும் இருக்கிற ஒரு பொருளாகிவிட்டது. கல்யாண வெள்ளி விழாவில் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். அன்று வந்தவர்களோடு பேசிப் பேசியே பொழுது போய்விட்டது. சரி, பொன்விழாவில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்லி இந்த மனிதனை ஒரு முறையாவது அழவைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். காகிதத்தில் எழுதி வைக்கவில்லை. ரக்னாவுக்குப் பேசக் காகிதமா? சீனெ இறந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. ஜன்னலில் அழுதவளைப் பார்த்தது சீனெ ஒருத்திதான்.

பொன்விழா செப்டம்பர் இருபது. பிப்ரவரியிலேயே கத்தி விழுந்துவிட்டது.

ஏப்ரலில் ரக்னா வீட்டுக்கு வந்தாள். சக்கர நாற்காலி சமையலறை மேசைக்குப் பக்கத்தில் நின்றது. அப்போதுதான் ஒரு வேடிக்கை நடந்தது, சிரிக்க முடியாத வேடிக்கை. வெர்னர் பேச ஆரம்பித்தான். வீட்டில் சத்தமில்லாமல் போனது அவனுக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே பேசினான், பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினான். நாரை வந்திருக்கிறது என்று அவனே சொன்னான். ஐம்பது வருடம் அவள் தாகத்தோடு காத்திருந்த பேச்சு இப்போது குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. அவளோ ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜூலையில் ஒரு பிற்பகல், அவளுக்கு ஸ்ட்ராபெர்ரியில் பால் ஊற்றி ஊட்டிக்கொண்டிருந்தவன் கரண்டியை வைத்தான்.

“ரக்னா, ஒண்ணு கேக்கணும். கோபப்படாதே. அந்தப் பனி வருஷம்… நீ ஏன் திரும்பி வந்தே? சீனெ போகச் சொல்லிட்டாளா?”

நாற்பது வருடமாக அவள் எதிர்பார்த்த கேள்வி. சைக்கிள், தொப்பியில் பனி, இருக்கையில் மாட்டிய பை, எல்லாம் வரிசையாக வாய்வரை வந்து நின்றது.

“திங்கட்கிழமை” என்றாள்.

“நான் அங்க வந்தேன், தெரியுமா? மார்ஸ்தாலுக்கு. கதவு வரைக்கும் வந்தேன். தட்டல. பயந்துட்டேன். சைக்கிளை வெச்சுட்டு ஓடி வந்துட்டேன். நீ சைக்கிளைப் பாத்திருப்பே. என்னைப் பாத்தியா?”

ஆமாம் என்று அவள் உடம்பு முழுக்கச் சொன்னது. தலை இடவலமாக ஆடியது.

“பாக்கலையா. சரி, நல்லதுதான். முட்டாள் மாதிரி நின்னேன்.”

“திங்கட்கிழமை! திங்கட்கிழமை!” இடது கையால் மேசையில் அடித்தாள். கிண்ணம் கவிழ்ந்து பால் ஓடியது.

“அழாதே, அழாதே. நான் கேட்டது தப்பு” என்று துணியை எடுத்துத் துடைத்தான்.

மறுநாள் இடது கையில் பென்சிலைப் பிடித்து ஒரு சைக்கிள் வரைந்தாள். இரண்டு வட்டம், நடுவில் ஒரு கோடு. அரை மணி நேரம் பிடித்தது. வெர்னர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதோ எடுத்துட்டு வர்றேன்” என்று போய் அவளுடைய மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். ரக்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெர்னருக்கு அழுகை மட்டும்தான் தெரிந்தது.

நாற்காலியைக் கொட்டகைப் பக்கம் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டினாள். அந்த உத்தி பலித்தது, அவன் தள்ளிக்கொண்டு போனான். அங்கே சுவரோரம் துருவேறிய பழைய சைக்கிள் நின்றது. அதைத் தொட்டாள், அவனைத் தொட்டாள், தன் கண்ணைத் தொட்டாள். வெர்னரின் முகம் சுருங்கியது. இனி ஓட்ட முடியாதே என்று அழுகிறாள் என்று புரிந்துகொண்டான். அடுத்த வாரம் கித்தெ வந்து, “அம்மா கண்ணுல இது படவே வேணாம்ப்பா” என்று சொல்லி, சைக்கிளைக் காரின் பின்னால் ஏற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள். ரக்னா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்பால் செய்கிறவர்களைத் திட்டவும் வழியில்லை. திட்ட அவளிடம் இருந்தது ஒரு கிழமையின் பெயர்.

ஆகஸ்டில் நல்ல செய்தி ஒன்று வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இருமுறை வரும் பெண் ஒரு நாள் சும்மா ஒரு பழைய கோடைப் பாட்டை முணுமுணுத்தாள். ரக்னா கூடவே பாடினாள். வார்த்தையோடு பாடினாள். பேச முடியாதவர்கள் சிலருக்குப் பாட்டு வேறு வழியாக வரும் என்றாள் அந்தப் பெண். வெர்னர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்க மறந்து நின்றான்.

கித்தெ உடனே கணக்குப் போட்டுவிட்டாள். பொன்விழாவுக்குப் பாட்டு எழுதுவது வழக்கம். எல்லாருக்கும் தெரிந்த மெட்டு ஒன்றை எடுத்து, தம்பதியின் வாழ்க்கையை அதில் வரிசையாக எழுதி, அச்சடித்துச் சுருட்டி ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் வைப்பார்கள். எல்லாரும் சேர்ந்து பாடியாக வேண்டும். அந்தப் பாட்டை அம்மாவும் பாடட்டும் என்றாள்.

“கல்யாணத்துக்கு டிக்கெட் வாங்காதது ரெண்டாவது பத்தி. நான் பொறந்தது நாலாவது. அஞ்சாவதுல பனி வருஷம் போடட்டுமா? பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லாம அம்மா போய்ப் பாத்துக்கிட்டாங்களே, அது?”

வெர்னர் ரக்னாவைப் பார்த்தான். “ம்” என்றான். “போடு.”

ஐந்தாவது பத்தி இப்படி வந்தது:

பனி வந்து வழி மூடிய குளிர்காலத்தில்
பிணியுற்ற தமக்கையிடம் ரக்னா போனாள்;
தணியாத அடுப்பருகே வெர்னர் அன்று
தனியாக வீட்டிலே காத்திருந்தான்.

ரக்னாவுக்கு அதைக் கேட்டதும் ஒரு வழி தெரிந்தது. முழுப் பாட்டையும் மாற்ற வேண்டாம். கடைசி வரியில் இரண்டே வார்த்தை. ‘வீட்டிலே காத்திருந்தான்’ என்ற இடத்தில் ‘வாசலில் நின்றிருந்தான்’. மெட்டுக்குப் பொருந்துகிறது. அதைப் பாடிவிட்டால் வெர்னருக்குப் புரிந்துவிடும். வேறு யாருக்கும் புரிய வேண்டியதில்லை. நாற்பது வருடத்தில் அவள் அவனுக்குச் சொல்ல வேண்டிய எல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் அடங்கிவிட்டது.

கித்தெ நாள்தோறும் வந்து பாடிப் பழக்கினாள். ஒத்திகையில் ஐந்தாவது பத்தி வரும்போதெல்லாம் ரக்னா தன் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். சில நாள் அந்த இடத்தில் நாக்கு நின்றுவிடும். சில நாள் அச்சில் இருப்பதே வரும். “அம்மா, அருமை, அருமை” என்று கித்தெ கட்டிக்கொள்வாள். பரவாயில்லை, அன்றைக்கு வரும் என்று ரக்னா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனதுக்குள் ஒரு நாளைக்கு நூறு முறை வாசலில் நின்றிருந்தான் என்று பாடினாள். மனதுக்குள் அது பிசகவே இல்லை.

விழாவுக்கு முந்தின மாலை அண்டை வீட்டார் வந்து தளிர்க்கிளைகளால் வாசலுக்கு அலங்கார வளைவு கட்டினார்கள். காகித ரோஜா, உச்சியில் தங்க நிறத்தில் ஐம்பது. பக்கத்து வீட்டு பிரேபென் அளவுநாடாவோடு வந்து சக்கர நாற்காலியை அளந்து வளைவை ஒரு முழம் அகலமாக்கினான். வழக்கப்படி தம்பதிக்கு ஒன்றும் தெரியாது. வெர்னர் திரையை இழுத்துவிட்டு, ஆணி அடிக்கும் சத்தம் கேட்காதவன்போல் ரேடியோவைப் பெரிதாக வைத்தான்.

காலை ஏழு மணிக்கு எக்காளம் ஊதினார்கள். “எந்திரி கிழவா, உன்னை இன்னும் அவ விரட்டலையான்னு பாக்க வந்திருக்கோம்” என்று பிரேபென் கத்தினான். வெர்னர் இரவு உடையில் கதவைத் திறந்து, ரக்னாவைப் போர்வையோடு தள்ளிக்கொண்டு வளைவின் கீழ் வந்து நின்றான். முப்பது பேர் புல்வெளியில் நின்று பாடினார்கள். எல்லாருக்கும் ரொட்டியும் காபியும் ஒரு மடக்குக் கசப்பு மதுவும் கொடுத்தார்கள். வெள்ளி விழாவில் இதே வாசலில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கிண்டலடித்தவள் ரக்னா. இன்று அவர்கள் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு, உரக்க, மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்கள்.

மதிய விருந்து ஊர்க் கூடத்தில். பன்றி வறுவல், சிவப்புக் கோஸ், சர்க்கரைப் பாகில் புரட்டிய உருளைக்கிழங்கு. கரண்டியால் கண்ணாடிக் கோப்பைகளைத் தட்டினால் தம்பதி நாற்காலி மேல் ஏறி முத்தமிட வேண்டும். தட்டினார்கள். வெர்னர் அவள் முன்னால் மண்டியிட்டு முத்தமிட்டான். பிறகு குடித்த வேகத்தில் யாரோ காலால் தரையைத் தட்ட ஆரம்பித்தார்கள், பழக்கதோஷத்தில் கூடமே சேர்ந்துகொண்டது. காலால் தட்டினால் தம்பதி மேசைக்கு அடியில் போய் முத்தமிட வேண்டும். பாதியில்தான் எல்லாருக்கும் உறைத்தது. தட்டல் ஒவ்வொன்றாக நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எழுபத்தேழு வயது வெர்னர் மேசைத் துணியைத் தூக்கி, தவழ்ந்து உள்ளே போய், அவள் முழங்காலில் முத்தமிட்டுவிட்டு மறுபக்கம் வெளியே வந்தான். கூடம் சிரித்தது, மூக்கையும் உறிஞ்சியது.

கித்தெ எழுந்து பாட்டைச் சொன்னாள். சுருள்கள் பிரிந்தன. பியானோ தொடங்கியது.

முதல் பத்தியில் ரக்னாவுக்குக் குரல் எழவில்லை. இரண்டாவதில் மெல்ல வந்தது. மூன்றாவதில் பக்கத்தில் இருந்தவர்கள் கவனித்து அடங்கினார்கள். நாலாவதில் மேசைக்கு மேசை குரல் தணிந்து, ஐந்தாவது பத்தி தொடங்கியபோது பியானோவோடு ரக்னா மட்டும் பாடிக்கொண்டிருந்தாள். பழைய தொலைபேசிக் குரல், அதே மணிக் குரல். பனி வந்து வழி மூடிய குளிர்காலத்தில். அவள் வெர்னரையே பார்த்தாள். பிணியுற்ற தமக்கையிடம். வாசலில், வாசலில் என்று உள்ளே பிடித்துக்கொண்டாள். தணியாத அடுப்பருகே. மெட்டு அவளை இழுத்துக்கொண்டு போனது, நிறுத்த வழியில்லை, வாய் திறந்தது.

“தனியாக வீட்டிலே காத்திருந்தான்” என்று தெள்ளத் தெளிவாகப் பாடி முடித்தாள்.

ஏழு மாதத்தில் ரக்னாவின் வாயிலிருந்து ஊர் தெளிவாகக் கேட்ட முதல் முழு வாக்கியம் அது. கூடம் எழுந்து நின்று கை தட்டியது. பிரேபென் தேம்பினான். கித்தெ ஓடி வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரக்னா அழுதாள், எல்லாரும் அது சந்தோஷம் என்றார்கள். அவள் மறுபடி வாயைத் திறந்து, அந்த வரியை முதலிலிருந்து பிடிக்கப் பார்த்தாள். பியானோ ஆறாவது பத்திக்குப் போய்விட்டது.

வெர்னர் மட்டும் கை தட்டவில்லை. பாட்டுத்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

மாலையில் கூடத்துக்கு வெளியே தூறிக்கொண்டிருந்தது. வண்டி வரும்வரை இருவரும் கூரைக்கு அடியில் காத்திருந்தார்கள். மற்றவர்கள் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். வெர்னர் குனிந்து அவள் காதருகே பேசினான்.

“எனக்குப் புரிஞ்சுது, ரக்னா. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டே. சீனெக்கு உடம்பு சரியில்ல, நான் வீட்ல இருந்தேன். அப்படியே இருக்கட்டும்னு சொல்றே. சரி. நான் இனிமே அதைக் கேக்கவே மாட்டேன். சத்தியமா.”

“திங்கட்கிழமை” என்றாள் ரக்னா. அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். “திங்கட்கிழமை. திங்கட்கிழமை.”

“ம். இன்னிக்கு வெள்ளிதானே. இன்னும் மூணு நாள் இருக்கு” என்றான்.

வண்டி வந்தது. அவளைக் கைத்தாங்கலாக முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, கதவைச் சாத்தினான். சக்கர நாற்காலியை மடிக்குமுன் கோட்டுப் பையைத் துழாவினான். ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, உட்காரும் இடம் நனையாதபடி அதன்மேல் மாட்டி, கீழே முடிச்சுப் போட்டான்.

ரக்னா வண்டிக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.